'சீற் போயிரும்' என்று எம்.பி. சொல்வது எவ்வளவு உண்மை?

வெல்லாவெளிப் பக்கத்தில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "நாங்கள் விருப்பு வாக்குப் போட்டு அனுப்பிய எம்.பி., எங்கள் பகுதிக்குப் பாதகம் என்று அவரே கூட்டத்தில் பேசிய ஒரு சட்டமூலத்துக்கு ஆதரவாக வாக்களித்தார். ஏன் என்று கேட்டால், 'தலைமை சொல்லிப்போட்டுது, மீறினால் சீற் போயிரும்' என்கிறார். சட்டம் அப்படித்தானா? தலைவர் சொன்னால் கையைத் தூக்கத்தான் வேண்டுமா? நாங்கள் என்ன செய்யலாம்?"

முதல் கேள்விக்கு உடனேயே பதில் சொல்லிவிடுகிறேன். கட்சித் தீர்மானத்துக்கு மாறாக வாக்களித்தவுடன் ஆசனம் பறிபோகும் என்று இலங்கைச் சட்டத்தில் எங்கும் இல்லை. கட்சியில் இருந்து நீக்கினால் போகலாம். ஆனால் வாக்களிப்புக்கும் நீக்கத்துக்கும் இடையில் சில படிகள் உண்டு, நீக்கத்துக்கும் ஆசன இழப்புக்கும் இடையில் இன்னும் சில படிகள் உண்டு. அந்தப் படிகளை உங்கள் எம்.பி. உங்களுக்குச் சொல்லவில்லை. அவருக்கே சரியாகத் தெரியாமலும் இருக்கலாம்.

நான் மட்டக்களப்பில் ஒரு பாராளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்தில் பல வருடம் இணைப்புச் செயலாளராக இருந்தவன். யார், எந்தக் கட்சி என்று சொல்லமாட்டேன், இங்கே அது தேவையும் இல்லை. வாக்கெடுப்புக்கு முதல் நாள் இரவு ஒரு எம்.பி.யின் வீட்டில் என்ன நடக்கும் என்று பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அதனால்தான் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

சட்டத்தில் இருந்து தொடங்குவோம். 1978 அரசியலமைப்பின் 99ஆவது உறுப்புரையின் 13ஆவது பந்திதான் இதற்குரியது. ஓர் உறுப்பினர் எந்தக் கட்சியின் வேட்புமனுவில் தெரிவானாரோ அந்தக் கட்சியை விட்டு விலகினாலோ விலக்கப்பட்டாலோ, ஒரு மாதம் கழிந்ததும் அவருடைய ஆசனம் வெற்றிடமாகும். விலக்கப்பட்டவர் அந்த ஒரு மாதத்துக்குள் உச்ச நீதிமன்றத்தில் மனுப் போடலாம். மூன்று நீதியரசர்கள் விசாரிப்பார்கள். நீக்கியது செல்லாது என்று அவர்கள் தீர்மானித்தால் ஆசனம் அவரிடமே இருக்கும். கொறடாவின் (எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சி உறுப்பினருக்குச் சொல்பவர்) உத்தரவை மீறுவது பற்றி அந்தப் பந்தியில் ஒரு சொல்லும் இல்லை.

நம் ஆட்கள் இதைக் குழப்பிக்கொள்வதற்கு ஒரு காரணம், வீட்டில் எந்நேரமும் ஓடுகிற தமிழ்நாட்டுச் செய்தித் தொலைக்காட்சி. இந்தியாவில் 1985இல் கொண்டுவந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி, கொறடா உத்தரவை மீறி வாக்களித்தாலே பதவி இழக்க நேரிடும். அங்கே தீர்மானிப்பவர் சபாநாயகர். இங்கே அப்படி இல்லை. இங்கே கட்சி முதலில் விசாரித்து நீக்க வேண்டும், பிறகு அந்த நீக்கம் நீதிமன்றத்தில் நிற்க வேண்டும்.

நிற்குமா என்பது வழக்கைப் பொறுத்தது. 1991இல் ஜனாதிபதி பிரேமதாசவுக்கு எதிரான குற்றப் பிரேரணையில் சேர்ந்ததற்காக லலித் அத்துலத்முதலி, காமினி திசாநாயக்க உட்பட எட்டு உறுப்பினர்களை ஐக்கிய தேசியக் கட்சி நீக்கியது. உச்ச நீதிமன்றம் அதைச் சரி என்றது, எட்டுப் பேருக்கும் ஆசனம் போனது. நம் மாவட்டத்திலேயே இரண்டு வழக்குகள் உண்டு, இரண்டும் ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் சம்பந்தப்பட்டவை. 2004இல் தெரிவான அமீர் அலியைக் கட்சி நீக்கியபோது அந்த நீக்கம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நஸீர் அஹமட்டின் கதை வேறு. வரவு செலவுத் திட்டத்தை எதிர்ப்பது என்று கட்சி தீர்மானித்திருக்க, 2021 நவம்பரில் அவர் ஆதரவாக வாக்களித்தார். கட்சி அவரை நீக்கியது சட்டப்படி சரிதான் என்று 2023 ஒக்டோபர் 6ஆம் திகதி தீர்ப்பு வந்தது. அமைச்சராக இருந்தவர் எம்.பி. பதவியையே இழந்தார். அவருடைய இடத்துக்கு அலி ஸாஹிர் மௌலானா வந்தார்.

ஆக, எம்.பி.யின் பயம் வெறும் கற்பனை என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் அதே கட்சியிலேயே இன்னொரு உதாரணமும் இருக்கிறது. 2020 ஒக்டோபர் 22ஆம் திகதி, ஜனாதிபதியின் அதிகாரத்தைக் கூட்டிய அரசியலமைப்பின் 20ஆவது திருத்தம் 156க்கு 65 என்ற வாக்குகளால் நிறைவேறியது. கட்சித் தலைவர் ரவூப் ஹக்கீம் எதிர்த்து வாக்களித்தார். நஸீர் அஹமட், ஹரீஸ், பைசல் காசிம், தௌபீக் நான்கு பேரும் ஆதரித்தார்கள். அந்த வாக்குக்காக ஒருவருக்கும் ஆசனம் போகவில்லை. அம்பாறை மாவட்டத்தைச் சேர்ந்த ஹரீஸும் பைசல் காசிமும் 2024இல் பாராளுமன்றம் கலையும்வரை உறுப்பினராகவே இருந்தார்கள். 2010 செப்டெம்பரில் 18ஆவது திருத்தத்துக்கு, தமிழ்த் தேசியக் கூட்டமைப்பில் அம்பாறையில் தெரிவான பியசேன கட்சியை மீறி ஆதரவளித்தார். அவரும் அதற்காக ஆசனத்தை இழக்கவில்லை. மீறுகிறவரைத் தண்டிப்பதா விடுவதா என்பது கட்சி அந்த நேரம் போடுகிற கணக்கு.

இங்கே இன்னொன்றையும் கவனியுங்கள். நான் சொன்ன கிழக்கு உதாரணங்களில் வாக்கெடுப்பு என்று வந்த இடமெல்லாம் தலைமை "எதிர்" என்றது, உறுப்பினர் "ஆதரவு" என்றார். உங்கள் கேள்வியில் இருப்பதற்கு நேர்மாறு. தலைமை என்றாலே மக்களுக்கு எதிர்ப்பக்கம், உறுப்பினர் என்றாலே மக்கள் பக்கம் என்று வைத்துக்கொண்டால் நம் மாகாணத்து அரசியல் விளங்காது. 20ஆவது திருத்தம் வந்த மாதங்களை நினைத்துப் பாருங்கள். கொவிட்டில் இறந்த முஸ்லிம்களின் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டுக்கொண்டிருந்தன. அதைத் தீர்க்கத்தான் ஆதரவு கொடுத்தோம் என்ற விளக்கம் ஊரில் சொல்லப்பட்டது. அடக்கம் செய்ய அனுமதி வந்தது 2021 பெப்ரவரி கடைசியில், ஓட்டமாவடி மஜ்மா நகரில் முதல் ஜனாஸா இறங்கியது மார்ச்சில். இடைப்பட்ட நான்கு மாதமும் எத்தனை குடும்பங்கள் அழுதன என்பதை ஓட்டமாவடியிலும் காத்தான்குடியிலும் சம்மாந்துறையிலும் கேட்டுப் பாருங்கள். அங்கே தலைமையின் நெருக்குதல் இல்லை. உறுப்பினர்களை இழுத்தது வேறொரு பக்கத்தின் கை.

இது இன்று தொடங்கியதும் இல்லை. 1956இல் தமிழரசுக் கட்சியில் வென்ற கல்முனை காரியப்பரும் பொத்துவில் முஸ்தபாவும் கொஞ்சக் காலத்திலேயே கட்சியை விட்டுப் போனார்கள். 1977இல் தமிழர் விடுதலைக் கூட்டணியில் பொத்துவிலில் தெரிவான கனகரத்தினம் சில மாதத்தில் ஐக்கிய தேசியக் கட்சிக்கு மாறினார், 1978 ஜனவரியில் கொழும்பில் வைத்துச் சுடப்பட்டார். 1956 முதல் மட்டக்களப்பின் குரலாக இருந்த செல்லையா இராசதுரை 1979 மார்ச்சில் அரசாங்கப் பக்கம் போனார். அதற்கு முந்தைய மாதம்தான் அரசியலமைப்பின் இரண்டாம் திருத்தம் வந்து, முதலாவது பாராளுமன்றத்துக்கு மட்டும் கட்சி நீக்க விதி வேறாக்கப்பட்டது. மட்டக்களப்பு வாவியின் இரண்டு பக்கமான எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் வயதானவர்கள் இன்றும் அதைப் பற்றி இரண்டு விதமாகப் பேசுவார்கள். "ஊருக்கு வேலை நடந்தது" என்பார் ஒருவர். "நம்பிக்கை போனது" என்பார் அவருடைய சொந்த அண்ணன்.

சரி, சட்டம் தானாக ஆசனத்தைப் பறிக்காது என்றால், தலைமைக்கு ஏன் இவ்வளவு பிடி? அது வேறு இடத்தில் இருக்கிறது, நான் பக்கத்தில் இருந்து பார்த்ததும் அதைத்தான்.

முதல் பிடி வேட்புமனு. மட்டக்களப்புக்கு 5 ஆசனம், திகாமடுல்லைக்கு (அம்பாறை மாவட்டத்துக்குத் தேர்தலில் உள்ள பெயர்) 7. கட்சிப் பட்டியலில் பெயர் இருந்தால்தான் விருப்பு வாக்குக் கேட்கவே முடியும். அந்தப் பட்டியலை ஒப்பமிட்டுக் கொடுப்பது கட்சியின் செயலாளர். எத்தனை ஆயிரம் விருப்பு வாக்கு எடுத்தவராக இருந்தாலும் அடுத்த தேர்தலில் அந்தக் கையொப்பத்துக்காக ஒரு வாசலில் போய் நிற்க வேண்டும். தேசியப் பட்டியலில் வந்தவர் என்றால் நிலைமை இன்னும் மோசம். 2020இல் தமிழ் வாக்குகள் பிரிந்து அம்பாறை மாவட்டத்தில் தமிழ்க் கட்சி எதற்கும் ஓர் ஆசனமும் கிடைக்கவில்லை. அப்போது தமிழரசுக் கட்சி தன் தேசியப் பட்டியல் இடத்தை நாவிதன்வெளி கலையரசனுக்குக் கொடுத்தது. அம்பாறைத் தமிழருக்குக் குரல் கிடைத்தது நல்ல விஷயம், அதை நான் மனதாரச் சொல்கிறேன். ஆனால் பட்டியலில் வருகிற எவருக்கும் பதவியைத் தந்தது கட்சி, மக்கள் நேரடியாகத் தரவில்லை. அவருடைய முதுகெலும்பில் பாதி தலைமையிடம் இருக்கும்.

இரண்டாவது பிடி ஊரில் நடக்க வேண்டிய வேலை. பன்முகப்படுத்தப்பட்ட நிதி (எம்.பி. ஊர் வேலைகளுக்கு ஒதுக்குகிற நிதி), மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் இருக்கிற செல்வாக்கு, அமைச்சில் ஒரு கோப்பு நகர்வது எல்லாம் இதற்குள் வரும். ஆளும் தரப்பில் உள்ள எம்.பி.யிடம், "இந்த வாக்கைத் தந்தால் உங்கள் வீதி வரும்" என்று யாரும் அப்பட்டமாகச் சொல்லமாட்டார்கள். "நாங்கள் உங்களை மறக்கமாட்டோம்" என்பார்கள். வாக்குக்காகக் காசோ வேறு நன்மையோ கொடுப்பதும் வாங்குவதும் இலஞ்சக் குற்றம், 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டமும் அதைக் குற்றமாகவே வைத்திருக்கிறது. ஆனால் வீதிக்குக் கொங்கிரீட் போடுவதை இலஞ்சம் என்று யார் நிரூபிப்பது?

மூன்றாவது பிடியைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. அது தனிமை.

ஓர் இரவை மட்டும் சொல்கிறேன். மாதிவெல எம்.பி.மார் குடியிருப்பில் நானும் என் முதலாளியும் (அப்படித்தான் கூப்பிடுவோம்) இருந்தோம். மறுநாள் ஒரு சட்டமூலம். நம் மாகாணத்தின் நிலத்துக்கும் அதிகாரத்துக்கும் அது நல்லதில்லை என்று அவருக்கு நன்றாகத் தெரியும், எனக்கும் தெரியும். பின்னேரம் ஆறு மணிக்கு முதல் கோல், கொறடாவிடம் இருந்து. எட்டு மணிக்குத் தலைவர். பத்து மணிக்குத் தலைவரே மறுபடி, இந்தத் தடவை கொஞ்சம் அன்பாக. அதற்குப் பிறகு ஊரில் இருந்து ஒரு ஒப்பந்தக்காரர், "சேர், பிரச்சினை எடுக்காதீங்க" என்று. பதினொரு மணியளவில் அவர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னிடம் கேட்டார்: "நம்மட சனம் ஆரும் எடுத்தாங்களா தம்பி?" நான் என் போனைப் பார்த்தேன். கமக்காரர் அமைப்பில் இருந்து இல்லை. கிராம அபிவிருத்திச் சங்கத்தில் இருந்து இல்லை. கட்சிக் கிளையில் இருந்தும் ஒருவர் எடுக்கவில்லை. அடுத்த நாள் அவர் ஆதரவாக வாக்களித்தார்.

அவர் செய்தது பிழை. இன்றும் எனக்கு அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த இரவில் மூன்று பேர் ஒரு பக்கம் இழுத்தார்கள், மறுபக்கத்தில் கயிற்றைப் பிடிக்க ஒருவரும் இல்லை. அவர் விழுந்த பக்கத்தைப் பார்த்து நாம் ஆச்சரியப்பட முடியாது.

பழைய காலத்தில் இப்படி மாட்டிக்கொண்ட ஓர் உறுப்பினருக்கு ஒரு கௌரவமான வழி இருந்தது. பதவியை விட்டுவிட்டு இடைத்தேர்தலில் மக்களிடமே போகலாம். தமிழரசுக் கட்சியை நிறுவிய செல்வநாயகம் 1972 ஒக்டோபரில் காங்கேசன்துறை ஆசனத்தைத் துறந்தார். அரசாங்கம் இழுத்தடித்து 1975 பெப்ரவரியில்தான் இடைத்தேர்தலை வைத்தது, அவர் பெரும் வாக்கில் வென்றார். 1978 அரசியலமைப்பின் விகிதாசாரத் தேர்தல் முறை நடைமுறைக்கு வந்த பிறகு அந்தக் கதவு மூடிவிட்டது. இன்று ஒரு மாவட்ட எம்.பி. கொள்கைக்காக விலகினால் இடைத்தேர்தல் இல்லை, அதே கட்சிப் பட்டியலில் அடுத்து இருப்பவர் வந்து உட்காருவார். தலைமைக்கு ஒரு வாக்கும் குறையாது. நம் நாட்டில் எம்.பி.மார் விலகாமல் முனகிக்கொண்டே வாக்களிப்பதற்கு இதுவும் ஒரு பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

இப்போது, தலைமைகள் சேர்ந்து எடுத்த ஒரு முடிவு நம் மக்களுக்கு என்ன செய்தது என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகக் கசப்பான உதாரணத்தைச் சொல்கிறேன். 2017 செப்டெம்பர் 20. மாகாண சபைத் தேர்தல்கள் திருத்தச் சட்டமூலம். அது சபைக்கு வந்தபோது அதன் நோக்கம் வேட்பாளர் பட்டியலில் பெண்களுக்கு முப்பது வீதம் ஒதுக்குவது. நல்ல நோக்கம். குழுநிலையில், அதாவது விவாதத்தின் கடைசிக் கட்டத்தில், தேர்தல் முறையையே மாற்றுகிற திருத்தங்கள் உள்ளே வந்தன. தொகுதியும் விகிதாசாரமும் கலந்த புது முறை, அதற்குப் புது எல்லை நிர்ணயம். அன்றைய பகலில் தலைவர்கள் அறைகளுக்குள் பேசி இணங்கினார்கள். 159க்கு 37 என்று சட்டம் நிறைவேறியது. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் முஸ்லிம் கட்சிகளும் ஆதரவு வரிசையில்தான் இருந்தன.

அதற்குப் பத்து நாள் கழித்து, செப்டெம்பர் 30இல், கிழக்கு மாகாண சபையின் காலம் முடிந்தது. மட்டக்களப்புக்கு 11, அம்பாறைக்கு 14, திருகோணமலைக்கு 10, இரண்டு போனஸ் ஆசனம் என்று 37 உறுப்பினர் இருந்த சபை. எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்ட் 24இல் பாராளுமன்றத்துக்கு வந்தது. எதிராக 139 வாக்கு, ஆதரவாக ஒன்றுகூட இல்லை. அறிக்கையைச் சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்தார். பழைய முறையை எடுத்தாயிற்று, புது முறைக்கு எல்லை இல்லை, ஆகவே தேர்தலும் இல்லை. பிறகு கூட்டமைப்பு எம்.பி.யாக இருந்த சுமந்திரன் பழைய முறையிலேயே தேர்தலை நடத்தத் தனிநபர் சட்டமூலம் கொண்டுவந்தார், அதுவும் சட்டமாகவில்லை.

இதை நான் ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், அதனால் பாதிக்கப்பட்டவர் கொழும்பில் இல்லை. ஆசிரியர் இடமாற்றத்துக்காகத் திருகோணமலைக்கு பஸ் ஏறுகிற வாகரை ரீச்சர் பாதிக்கப்பட்டார். மாகாணத்தின் கீழ் உள்ள ஆஸ்பத்திரியில் டொக்டர் இல்லை என்று யாரிடம் முறையிடுவது என்று தெரியாமல் நிற்கிற பொத்துவில் தாய் பாதிக்கப்பட்டார். முன்னர் ஒரு மாகாண சபை உறுப்பினரின் வீட்டுப் படலையைத் தட்டினார்கள். இப்போது ஆளுநரின் அலுவலகம்தான் எல்லாம், அவரை யாரும் வாக்குப் போட்டு அனுப்பவில்லை. அன்று சபையில் இருந்த கிழக்கு உறுப்பினர்களில் ஒருவராவது எழும்பி, "இந்தத் திருத்தத்தை இப்போதுதான் பார்க்கிறேன், என் மக்களிடம் கேட்காமல் வாக்களிக்கமாட்டேன்" என்று சொல்லியிருக்கலாம். அதற்காக ஆசனம் போயிருக்குமா? நான் மேலே எழுதியதை வைத்து நீங்களே யோசியுங்கள்.

நெருக்குதல் வாக்கெடுப்பில் மட்டும் வருவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வாயை மூடச் சொல்வதும் அதே வகைதான். 2021 மேயில் இரசாயன உர இறக்குமதியை வர்த்தமானி மூலம் நிறுத்தினார்கள். அந்த வருடம் பெரும்போகத்துக்கு அம்பாறை, மட்டக்களப்பு வட்டைகளில் வயல் மஞ்சளாக நின்றதை நாங்கள் கண்ணால் கண்டோம். நம் பகுதி அரசாங்க எம்.பி.மாரின் ஊர்களிலும் அதே வயல்தான், அவர்களுடைய சொந்தக்காரரும் அதே கமக்காரர்தான். சபையில் எத்தனை குரல் கேட்டது? மயிலத்தமடு மாதவனை மேய்ச்சல் தரைக்காகப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் போராட்டம் தொடங்கியபோதும், யார் போராட்டக் கொட்டிலுக்கு வந்தார்கள், யார் வரவில்லை என்று பார்த்தாலே யாருடைய கழுத்தில் எவ்வளவு இறுக்கம் என்று விளங்கியது.

"மக்கள் நலன்" என்று நாம் சொல்வதிலும் ஒரு சிக்கல் உண்டு. இப்போது எம்.பி. ஒரு தொகுதிக்குரியவர் இல்லை, முழு மாவட்டத்துக்கும் உரியவர். கல்முனை வடக்கு பிரதேச செயலகத்தை முழு அதிகாரத்தோடு தரமுயர்த்துவதை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழர் வாழ்கிற பாண்டிருப்பில் நின்று பார்த்தால் அது பல வருடக் கோரிக்கை. முஸ்லிம்கள் வாழ்கிற கல்முனைக்குடியில் நின்று பார்த்தால் அது ஊரைப் பிரிக்கிற வேலை. இரண்டு பக்கமும் திகாமடுல்லை வாக்காளர்தான். தேசிய மட்டத்தில் ஆதரவு வேண்டும் என்று ஒரு தலைவர் தன் உறுப்பினரை இந்த விஷயத்தில் அடக்கும்போது, ஒரு ஊருக்கு அது துரோகம், அடுத்த ஊருக்கு அது நிம்மதி. இதற்கு என்னிடம் சுலபமான விடை இல்லை. ஆனால் ஒரு அளவுகோல் வைத்திருக்கிறேன். தேர்தல் மேடையில் ஒருவர் என்ன சொல்லி வாக்கு வாங்கினாரோ, அதற்கு மாறாக வாக்களிக்கப் போகிறார் என்றால், வாக்களிப்பதற்கு முதலே ஊருக்கு வந்து காரணத்தைச் சொல்ல வேண்டும். தலைமை சரியாக இருக்கலாம், ஊர் பிழையாக இருக்கலாம், அப்படியும் நடக்கும். சொல்லாமல் செய்துவிட்டுப் பிறகு "தலைமை சொன்னது" என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அப்புறம் உங்கள் கடைசிக் கேள்வி, நாங்கள் என்ன செய்யலாம்.

வாக்கெடுப்பு முடிந்த பிறகு கோபப்படுவதில் பலன் குறைவு. சபாநாயகர் சான்றுரை எழுதிய பிறகு ஒரு சட்டத்தை நீதிமன்றத்தில் கேள்விக்கு உட்படுத்தவே முடியாது. ஆகவே முந்த வேண்டும். ஒரு சட்டமூலம் பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் (சபையின் நிகழ்ச்சி நிரல்) வருவதற்குக் குறைந்தது 14 நாள் முன்னர் வர்த்தமானியில் வரவேண்டும், மூன்று மொழியிலும் இணையத்தில் கிடைக்கும். ஒழுங்குப் பத்திரத்துக்கு வந்த பிறகு எந்தப் பிரஜையும் அதற்கு எதிராக உச்ச நீதிமன்றத்தில் மனுப் போட ஒரு குறுகிய கால அவகாசம் உண்டு. அந்த நாட்கள்தான் உங்களுடைய நாட்கள். ஊரில் வர்த்தமானி வாசிக்கிற ஒரு பிள்ளை இருந்தால் போதும். ரீச்சராக இருக்கலாம், கம்பஸ் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கிற ஒருவராக இருக்கலாம். 2017இல் நடந்ததுபோல் குழுநிலையில் புகுத்தினால் இந்த அவகாசம் கிடைக்காது, அது உண்மைதான். அங்கே எம்.பி.யின் நேர்மை ஒன்றையே நம்ப வேண்டியிருக்கும். அதற்காகவே அவரோடு முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும்.

வாக்கெடுப்பு நடந்தால் ஹன்சாட்டை (சபையில் நடப்பதன் அதிகாரபூர்வப் பதிவு) எடுத்துப் பாருங்கள். பெயர் சொல்லி அல்லது மின்னணு முறையில் எடுத்த வாக்கு என்றால் யார் ஆதரவு, யார் எதிர் என்று பெயரோடு இருக்கும். குரல் வாக்கில் "ஆம்" என்று சத்தம் போட்டு நிறைவேறியது என்றால் எவர் பெயரும் இருக்காது. உங்கள் எம்.பி.யிடம் கேட்க வேண்டியது இதுதான்: "நீங்கள் எழும்பி வாக்கெடுப்புக் கேட்டீங்களா?" சபைக்குப் போகாமல் இருந்தவர், "நான் எதிர்த்தேன்" என்று ஊரில் வந்து சொல்லுவதும் உண்டு. இல்லாத பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை என்பதை அவருக்குக் காட்டுங்கள்.

கட்சித் தலைமைக்கும் எழுதுங்கள். நம் ஆட்கள் எம்.பி.யைத் திட்டுவார்கள், தலைவரை மாலை போட்டு வரவேற்பார்கள். நெருக்கியது தலைவர் என்றால் கேள்வியும் அவருக்குத்தான் போகவேண்டும். கட்சியின் பொதுச் செயலாளருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பி, "இந்தச் சட்டமூலத்தில் எங்கள் மாவட்ட உறுப்பினருக்கு நீங்கள் என்ன பணிப்புரை கொடுத்தீர்கள், மாவட்டக் கிளையிடம் கேட்டீர்களா" என்று கேளுங்கள். பதில் வராவிட்டாலும் பரவாயில்லை, கடிதம் கோப்பில் இருக்கும்.

கோப்பில் இருப்பது ஏன் முக்கியம் என்பதை இன்னொரு சம்பவத்தால் சொல்கிறேன். மாதிவெல இரவுக்கு ஒன்றிரண்டு வருடம் கழித்து, படுவான்கரைக் கமக்காரர் அமைப்புகளைப் பாதிக்கிற ஒரு பிரேரணை வந்தது. வழக்கம்போலக் கட்சி ஆதரவு என்று தீர்மானித்தது. ஆனால் இந்தத் தடவை வாக்கெடுப்புக்கு முதல் நாள் விடிய, பாடுமீன் ரயிலில் இரவு முழுக்க வந்த ஆறு பேர் முகம்கூடக் கழுவாமல் எங்கள் வாசலில் நின்றார்கள். அதில் ஒருவர் வட்டவிதானையாக, அதாவது வயல்வெளியையும் நீர்ப் பங்கீட்டையும் கவனிப்பவராக, இருந்த வயதான மனிதர். சத்தம் போடவில்லை. "நீங்க என்னத்தையும் செய்ங்க, மறுகா எங்களுக்குத் தெரியாதெண்டு மட்டும் சொல்லிராதீங்க" என்று சொல்லி ஒரு கடிதத்தைக் கையில் கொடுத்தார். அன்றும் கோல்கள் வந்தன. ஒவ்வொரு தடவையும் முதலாளி சொன்னது ஒன்றுதான்: "அண்ண, என்ர ஆக்கள் என்ர வீட்டுக்குள்ள இருக்கிறாங்க."

அடுத்த நாள் அவர் இரண்டு நிமிடம் பேசினார், அந்தக் கடிதத்தைச் சபையில் வாசித்தார், வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டார். கட்சி விளக்கம் கேட்டு எழுதியது. அவர் பதிலோடு அந்தக் கடிதத்தின் பிரதியை இணைத்து அனுப்பினார். மேற்கொண்டு எந்த நடவடிக்கையும் வரவில்லை.

அதன் இன்னொரு பிரதி என்னிடம் இருக்கிறது. இரண்டு பக்கம், கையெழுத்தில். முதல் பக்கத்தில் எந்தப் பிரேரணை, எத்தனையாம் வாசகம், அது எந்த வட்டையில் எத்தனை குடும்பத்தைத் தொடும் என்று இருக்கிறது. அதன் கீழே, அந்த எம்.பி. தேர்தல் கூட்டத்தில் சொன்ன ஒரு வாக்கியம், திகதியோடும் இடத்தோடும். இரண்டாம் பக்கம் முழுக்கக் கையொப்பம், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அடையாள அட்டை இலக்கம். நீங்கள் எழுதும்போதும் அதே ஒழுங்கில் எழுதுங்கள். பிரேரணையின் பெயரையும் வாசக இலக்கத்தையும் வர்த்தமானியில் உள்ளபடியே போடுங்கள், அதில் பிழை இருந்தால் அதை ஒரு சாட்டாக எடுத்துவிடுவார்கள்.